லைட் டியூட்டி

"எங்கடா வலிக்குது?" என்று கேட்டால், சுளுக்கு வந்தவன் உள்ளங்கையால் கால் முழுக்கத் தடவிக் காட்டுவான். அக்கா மகன் அப்படிக் காட்டவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி, இடது பாதத்தின் மேற்பக்கம், இரண்டாவது விரலுக்கு நேர் பின்னால், ஐந்து சென் காசு அளவு இடத்தைத் தொட்டான். தொட்டதும் பல்லைக் கடித்தான்.

நவம்பர் கடைசி. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் விடாத மழை. ராணுவத்தில் சேர்ந்து அடிப்படைப் பயிற்சியில் ஆறு வாரம் முடித்து, மூன்று நாள் விடுப்பில் வந்திருந்தான். எங்கள் குடும்பத்தின் முதல் சீருடை. அவன் அப்பா பக்கத்துப் பிறை வட்டாரத்தில் லோரி ஓட்டுகிறவர். மகன் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்ப்பதற்காகவே அரைநாள் லீவு போட்டுவிட்டு நின்றார். இறங்கியவன் நொண்டினான்.

என் அம்மா அதற்குள் கோடாலித் தைலத்தோடு வந்துவிட்டார். "சுளுக்குதான். நல்லா உருவி விட்டா சரியாப் போயிடும்." பையன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "வேணாம் பாட்டி, தொடாதீங்க."

பயிற்சி நடக்கும் இடத்தில் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையில் ஒரு பட்டை வலி மாத்திரையும் ஒரு சீட்டும் கொடுத்திருக்கிறார்கள். சீட்டில் மூன்று நாளைக்கு ‘லைட் டியூட்டி’. ஓட வேண்டாம், சுமை தூக்க வேண்டாம், ஆனால் நின்றுகொண்டு செய்யும் வேலை எல்லாம் உண்டு. நான்காம் நாள் மறுபடி பூட்ஸ், மறுபடி கவாட், அதாவது அணிநடை. "படம் சுத்தமா இருக்குன்னா அப்புறம் என்ன நடிப்பு?" என்று ஒருவர் கேட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் அவன் கண் கலங்கியது. வலிக்காக அழவில்லை.

அக்கா என்னைக் கூப்பிட்டார். தமிழ்ப்பள்ளி வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரே விரலால் காட்டக்கூடிய எலும்பு வலியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது மட்டும்தான். பள்ளியில் ஓட்டப்பந்தயப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து வந்த பாடம் அது. மறுநாள் பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போனோம். எலும்பு மருத்துவர் அவனை ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். ஒரு குதி, அவ்வளவுதான், மேசையைப் பிடித்துக்கொண்டான். எம்ஆர்ஐ எடுத்தார்கள். நான்கு பாத எலும்புகள் கறுப்பாக வரிசையாக நிற்க, இரண்டாவது மட்டும் நடுவில் மங்கலான வெள்ளை மேகத்தோடு இருந்தது. எலும்புக்குள்ளே நீர் கோத்திருக்கிறதாம். எக்ஸ்ரேயில் இது முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பல நேரம் தெரியவே தெரியாது, புது எலும்பு திரண்ட பிறகுதான் தெரியும் என்றார் மருத்துவர். ஆக, பையன் நடிக்கவில்லை. அத்தான் அந்தப் படத்தைப் போனில் இரண்டு தடவை படம் பிடித்துக்கொண்டார், யாரிடமோ காட்ட வேண்டும் என்பதுபோல.

ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். தமிழில் என்ன சொல்வது என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன், தொழில் புத்தி. மன அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதனால் ‘அழுத்த முறிவு’ என்றால் குழப்பம். உலோகக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு நாள் பட்டென்று போகுமே, அந்தக் களைப்பு. ‘களைப்பு விரிசல்’ என்றே இங்கே வைத்துக்கொள்கிறேன். பிடிக்காதவர்கள் மன்னிக்கவும்.

இது பட்டாளத்தின் சொந்த நோய். 1855இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாவுப்ட் தன் சிப்பாய்களின் பாதங்கள் நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. அடி இல்லை, விழவில்லை, ஆனால் கால் வீங்குகிறது. நாற்பது வருடம் அது வெறும் ‘கால் வீக்கம்’தான். 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். இரண்டே வருடத்தில், 1897இல், ஷ்டெகோவ் என்பவர் அதே வகைப் பாதங்களை எக்ஸ்ரேயில் பார்த்து, உள்ளே எலும்பு முறிந்திருப்பதைக் காட்டினார். அந்த நாற்பது வருடத்தில் எத்தனை சிப்பாய்களை ‘நடிக்கிறான்’ என்று சொல்லியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ‘மார்ச் ஃபிராக்சர்’ என்ற பெயர் இன்றும் உண்டு. மார்ச் மாதத்தைச் சொல்வதில்லை, நடையைச் சொல்வது.

எலும்புக்குள் என்ன நடக்கிறது என்பதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) முன்னால் உள்ள சாலையைப் பாருங்கள். தார் தேய்ந்த இடத்தைச் சரிசெய்ய ஆள் வருவார்கள். முதல் வேலை தோண்டுவது, அது சீக்கிரம் நடந்துவிடும். புதிதாகத் தார் போட்டு உருளை ஓட்டுகிற வேலை மெதுவாகத்தான் வரும். நடுவில் அந்தச் சாலை பழையதைவிட மோசமாக இருக்கும். எலும்பும் அப்படியே. புது பாரம் ஏறினால், பழைய எலும்பைச் சுரண்டி எடுக்கும் செல்கள் முதலில் வரும். அவை வேலையை ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடித்துவிடும். பின்னால் வந்து புது எலும்பு போடும் செல்களுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். அந்த இடைவெளியில் எலும்பு பள்ளம் தோண்டிய சாலை. அதன்மேல் தினமும் லோரி ஓட்டினால்?

அத்தானுக்கு இந்த உதாரணம் உடனே பிடிபட்டது. "அப்போ ரோட்டை மூடணும்," என்றார்.

மூடுவதற்குத்தான் வழியில்லை. பயிற்சியின் நாள்காட்டிக்கும் எலும்பின் நாள்காட்டிக்கும் பொருத்தமே கிடையாது. அதுவரை எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டு, மாலையில் போனில் விளையாடிக்கொண்டு, மோட்டாரில் கடைக்குப் போய்வந்த பையனை எடுத்து, திடீரென்று தினமும் ஓடு, நட, மூட்டையைத் தூக்கு என்றால் முதல் சில வாரங்களில்தான் பள்ளம் அதிகம். இஸ்ரேலில் 295 காலாட்படைப் பயிற்சி வீரர்களைத் தொடர்ந்து கவனித்து 1985இல் வெளியிட்ட ஆய்வில் 31 விழுக்காட்டினருக்கு இந்த விரிசல் வந்தது. எல்லாப் படைகளிலும் அவ்வளவு இல்லை, பல இடங்களில் இதைவிட மிகக் குறைவு. பயிற்சி பெறும் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாக வருகிறது. சாப்பாடு போதாமல் மாதவிலக்கு தள்ளிப் போகிறவர்களுக்கு இன்னும் கூடுதல்.

மருத்துவர் ஆறிலிருந்து எட்டு வாரம் என்றார். தடித்த அடிப்பாகம் உள்ள நடைக் காலணி, பாரம் இல்லை, ஓட்டம் இல்லை. நல்ல வேளை இந்த இடம், என்றும் சொன்னார். இடுப்போடு சேரும் தொடை எலும்பின் கழுத்தில் வந்திருந்தாலோ, முன்கால் எலும்பின் (முழங்காலுக்குக் கீழே உள்ளது) முன்புறத்தில் குறுக்குக் கோடாக வந்திருந்தாலோ விஷயமே வேறு, அறுவைவரை போகலாம். பையன் அதையெல்லாம் கேட்கவில்லை. எட்டு வாரம் என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டான். எட்டு வாரம் போனால் அவன் பேட்ச் போய்விடும். அடுத்த பேட்ச்சில் புது ஆட்களோடு முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும்போது பாலத்தில் நெரிசல். பின்னிருக்கையில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, "மாமா, லேசர் வச்சா சீக்கிரம் ஆறிடுமாம்," என்றான்.

இப்படித்தான் நாங்கள் வெளிச்சத்துக்குப் போனோம்.

ஜோர்ஜ்டவுனில் ஒரு சின்ன பிசியோ கிளினிக். நடத்துகிறவர் தமிழ்ப் பெண், முப்பதைத் தாண்டியிருக்கலாம். ஒரு தடவைக்கு 90 ரிங்கிட், பத்துத் தடவை என்றார்கள். அத்தான் பேரம் பேசுகிறவர், மீன் கடையில் இறாலுக்குக்கூட விடமாட்டார். அன்றைக்கு வாயே திறக்காமல் பணப்பையை எடுத்தார்.

பையனைப் படுக்க வைத்துக் கருப்புக் கண்ணாடி மாட்டினார்கள், எனக்கும் ஒன்று. கைப்பிடி உள்ள ஒரு முனையை அந்த ஐந்து சென் இடத்தில் நேராக வைத்தார். சின்னதாகச் சிவப்புப் புள்ளி. "இந்தச் சிவப்பு சும்மா அடையாளத்துக்கு சார். வேலை செய்யிறது இதுக்குப் பக்கத்துல, கண்ணுக்குத் தெரியாத கதிர்," என்றார். சூடு இல்லை, சத்தம் இல்லை. சில நிமிடத்துக்கு ஒருமுறை பீப் என்றது. பையன் கொஞ்சம் ஏமாந்துபோன மாதிரி இருந்தான். 90 ரிங்கிட்டுக்கு ஏதாவது சுருக்கென்றாவது இருக்கும் என்று நினைத்திருப்பான்.

நான் விடவில்லை, கேட்டேன். அந்தப் பெண்ணும் சலிக்காமல் சொன்னார். வீட்டுக்கு வந்து நானும் படித்தேன். கதை தொடங்குவது புடாபெஸ்டில், 1967இல். எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் ரூபி லேசரால் எலிகளின் கட்டியைக் கரைக்கப் பார்த்தார். அவருடைய லேசர் அதற்குப் போதிய பலம் இல்லாதது. கட்டி கரையவில்லை. ஆனால் சிரைத்த முதுகில் ஒளி பட்ட எலிகளுக்கு முடி வேகமாக வளர்ந்தது. ஒரு தோல்வியில் பிறந்த வைத்தியம். பிறகு காரணம் தேடினார்கள். செல்லுக்குள் சக்தி செய்யும் இடமான மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. சிவப்பையும் அதை அடுத்த அகச்சிவப்பையும் அது உறிஞ்சுகிறது, செல்லுக்குச் சக்தி கூடுகிறது என்பது பலர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். எலிகளின் முறிந்த எலும்பில் ஒளி பட்டால் புது எலும்பு சீக்கிரம் திரள்வதாகப் பல சோதனைகள் உண்டு.

எலியின் கால் வேறு, என் அக்கா மகனின் கால் வேறு. தோலைத் தாண்ட தாண்ட ஒளி மளமளவென்று மங்கிவிடும். இருட்டு அறையில் டார்ச்சை உள்ளங்கைக்குப் பின்னால் பிடித்தால் சிவப்பாகத் தெரியுமே, அந்த அளவுதான் மிஞ்சும். அந்த விதத்தில் பாதத்தின் மேற்பக்கமும் முன்காலின் உள்பக்கமும் பரவாயில்லை, அங்கே எலும்பு தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. இடுப்புக்குள் புதைந்த எலும்புக்கு இந்தக் கதிர் போய்ச் சேருவது கடினம்.

பட்டாளத்துக் கால்களிலேயே இதைச் சோதித்திருக்கிறார்களா என்று தேடினேன். இந்திய ஆயுதப்படை மருத்துவ இதழில் 2006இல் ஒரு கட்டுரை: முன்கால் எலும்பில் களைப்பு விரிசல் வந்த பயிற்சி வீரர்களில் ஒரு பகுதியினருக்குக் குறைந்த பல லேசர். லேசர் பெற்றவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது, வலியில்லாமல் நடப்பதும் சீக்கிரம் வந்தது என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் எனக்கும் மனம் துள்ளியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது சின்ன ஆய்வு. அதோடு இந்த ஒளிக்கு ஒரு விசித்திரக் குணம், குறைவாக வைத்தாலும் பலனில்லை, அதிகமாக வைத்தாலும் பலன் போய்விடும். எந்த அலைநீளம், எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. உப்பு மாதிரி, ஆனால் ருசி பார்க்க வழியில்லாத உப்பு.

இதே ஆசையோடு இதற்கு முன் வந்த ஒரு கருவியின் கதையும் கண்ணில் பட்டது. எலும்பு ஆறுவதற்கென்று மெல்லிய அல்ட்ராசவுண்ட் அலை. 1994இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்று, நல்ல பெயரோடு விற்றது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி மாணவர்களின் முன்கால் விரிசல்களில் அதைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். போலிக் கருவி வைத்தவர்களுக்கும் இவர்களுக்கும் ஆறும் காலத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பிறகு 501 பேருக்கு, அறுவை செய்த முன்கால் முறிவுகளில், பெரிய சோதனை. 2016இல் முடிவு வந்தது, அங்கும் பலன் இல்லை. சின்ன ஆய்வில் ஜொலிப்பது பெரிய ஆய்வில் அணைந்துபோவது இந்தத் துறையில் புதுசு இல்லை. லேசருக்கும் அப்படி ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை. 900 ரிங்கிட்டுக்கு நாங்கள் வாங்கியது ஒரு ‘இருக்கலாம்’, அவ்வளவுதான்.

ஐந்தாவது தடவை முடிந்தபோது பையன் சிரித்துக்கொண்டே எழுந்தான். வலி பாதியாகிவிட்டதாம். பேட்ச்சுக்கே திரும்பிவிடலாம், இன்னும் மூன்று வாரத்தில் ஓடிப் பார்க்கிறேன் என்றான். பிசியோ அந்த முனையைக் கீழே வைத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தார்.

"தம்பி, எனக்குப் பயமே அதுதான். வலி போறது ஒண்ணு, எலும்பு ஆறுறது ஒண்ணு. வலி போயிட்டுன்னு நீ ஓடிட்டா, நான் உனக்கு நல்லது செய்யல."

காசு வாங்கும் இடத்தில் இப்படி ஒரு பேச்சைக் கேட்பது அபூர்வம். அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது என்னவென்று தெரிந்தது. பையனுக்கு வேண்டியது எட்டு வாரம். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் பயிற்சி கொடுப்பவர்கள், எங்களால் வாங்க முடியாது. மூன்று நாள் லைட் டியூட்டிக்கும் எட்டு வாரத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை நாங்கள் 90 ரிங்கிட் வெளிச்சத்தால் அடைக்கப் பார்த்தோம். அத்தானால் மகனின் எலும்பை வளர வைக்க முடியாது, அதிகாரியிடம் போய்ச் சண்டை போட முடியாது. பணப்பையை எடுக்க முடியும். அதனால்தான் அன்றைக்கு அவர் பேரம் பேசவில்லை. பயிற்சி வீரர்களுக்கென்று இந்த ஒளியை ஆய்வு செய்கிறவர்களும் பெரும்பாலும் ‘எத்தனை நாளில் பணிக்குத் திரும்பினான்’ என்றுதான் எண்ணுகிறார்கள். நியாயமான எண்ணிக்கைதான். ஆனால் அதையே இலக்காக வைத்துவிட்டால், நல்ல கருவிகூட பையனைச் சீக்கிரம் பள்ளத்தில் தள்ளும் கருவியாகிவிடும்.

சட்டென்று சொல்லிவிடுகிறேன், இன்னொரு வெளிச்சமும் உண்டு, காசில்லாதது. ரத்தப் பரிசோதனையில் பையனுக்கு வைட்டமின் டி குறைவு. பினாங்கு வெயிலில் பிறந்து வளர்ந்தவனுக்கா என்று அக்கா நம்பவே இல்லை. நம் கறுத்த தோலுக்கு அந்தச் சத்தைச் செய்ய அதிக நேரம் வெயில் வேண்டும், நாமோ வெயில் பட்டால் கறுத்துவிடுவோம் என்று நிழலுக்கு ஓடுகிறோம். அமெரிக்கக் கடற்படையில் பயிற்சிக்குச் சேர்ந்த 5,201 பெண்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் தினமும் 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் கொடுத்தார்கள். 2008இல் வந்த முடிவில், மாத்திரை சாப்பிட்டவர்களிடம் களைப்பு விரிசல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கருப்புக் கண்ணாடியும் பீப் சத்தமும் இல்லாத வைத்தியம், அதனால் யாரும் விளம்பரம் போடுவதில்லை.

மருத்துவரின் கடிதத்தையும் எம்ஆர்ஐ அறிக்கையையும் சேர்த்து அனுப்பினோம். அடுத்த பேட்ச்சுக்கு மாற்றிவிட்டார்கள். பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மாமாக் (தமிழ் முஸ்லிம்) உணவுக்கடைக்குக் கூட்டிப் போனேன். ரொட்டி சானாய் இரண்டு தின்றான், பேச்சு வந்தது.

மீதி ஐந்து தடவையும் போனோம், கட்டிய காசு. தைப்பூசத்துக்குள் ஒன்பது வாரம் ஆகியிருந்தது. பாட்டி அவனுக்குப் பால்குடம் என்று முருகனிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். ரதம் புறப்படும் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயில்வரை வெறுங்காலில், அதுவும் ரதத்துக்கு முன்னால் உடைத்த தேங்காய் ஓடுகள் மேல், பிறகு ஐநூறு படிக்கு மேல் ஏற்றம். நான் முடியாது என்றேன். "முருகனுக்கு எலும்பு தெரியாதா?" என்று பாட்டி கோபித்தார். கடைசியில் பால்குடம் அடுத்த வருடத்துக்குப் போனது, இந்த வருடம் தண்ணீர்ப்பந்தலில் சேவை. நாற்காலியில் உட்கார்ந்து, விடியவிடிய மோர் ஊற்றிக் கொடுத்தான்.

வெள்ளி ரதம் தாண்டிப் போனபின், கூட்டம் கொஞ்சம் விலகிய நேரத்தில், காலணியைக் கழற்றிக் காலை என் மடியில் வைத்தான். "அமுக்கிப் பாருங்க மாமா."

அமுக்கினேன். சாலையில் தார் ஒட்டுப்போட்ட இடம்போல ஒரு சின்ன மேடு விரலில் தட்டுப்பட்டது. நன்றாகவே அழுத்தினேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டி எட்டிப் பார்த்தார். "அது என்ன மேடா இருக்கு? வீக்கமா?" என்று கேட்டுக்கொண்டே பையைத் திறந்து கோடாலித் தைலத்தைத் தேட ஆரம்பித்தார்.